அடிவரியில் நேற்றைய தேதி

அன்று சாயங்காலம் அக்கா என் மேசைக்கு வந்து, எப்போதோ என்னிடம் வாங்கிப்போன சாப்பாட்டு டப்பாவின் மூடியை மட்டும் வைத்தாள்.

“மூடிய வச்சு நான் என்ன பண்றது?”

“இன்னிக்கு மூடி, நாளைக்கு டப்பா. எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுத்துட்டா உனக்குப் புலம்புறதுக்கு என்ன இருக்கும்?”

“உன் ரிப்போர்ட்டும் இப்படித்தான். பாதி வரும், பாதி வராது.”

“குறை சொல்ற மூஞ்சியப் பாரு. என்னிக்காவது அடிவரி வரைக்கும் படிச்சிருக்கியாடி நீ?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழை வருமா என்று சன்னலை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். வழக்கமாகப் பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்தே நடப்போம். அன்று ஒரு வேன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. நான் அதற்காக உட்கார்ந்திருந்தேன். நீ போ அக்கா, நான் வர நேரமாகும் என்றேன். கதவருகே நின்று கையை மட்டும் ஆட்டினாள். மூடியை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு நான் தொலைபேசியை எடுத்தேன்.

நாங்கள் வேலை பார்த்தது மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் நிறுவனத்தில். அழுக்கு விரிப்புகளும் கவுன்களும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். கொதிநீரில் வெந்து, காய்ந்து, இஸ்திரியாகி, மடிப்புக் கலையாமல் டிராலிகளில் திரும்பிப் போகும். வண்டிகளில் ஏற்றி அனுப்பும் பிரிவு என் பொறுப்பு. எந்த வார்டுக்கு எத்தனை போக வேண்டும், முந்தின நாள் எங்கே குறைந்தது, எந்த டிராலி இன்னும் திரும்பவில்லை என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எனக்குக் காட்டுவது அக்காவின் வேலை. அவளுடைய பதவிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. கூடத்தில் எல்லாரும் அவளை ‘ரிப்போர்ட் அக்கா’ என்றார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. நிஜமாகவே அக்கா என்று கூப்பிட உரிமையுள்ளவள் நான் ஒருத்திதான்.

அவள் வருவதற்கு முன்னால் அந்த ரிப்போர்ட் ஒரு கத்தையாக வரும். புரட்டிப் புரட்டித் தேட வேண்டும். அக்கா பொறுப்பேற்றதும் கணினிப் பக்கமே போகவில்லை. ஏற்றும் கூடத்துக்கு வந்து, இஸ்திரி மேசையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சில நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. என்ன பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, என் விரல் போகிற வழியைப் பார்ப்பதாகச் சொன்னாள். நான் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் மூன்றாம் கட்டத்துக்குப் போகிறேனாம், அப்புறம் இடது ஓரம், அப்புறம் மேலே. அடுத்த வாரம் வந்த ரிப்போர்ட்டில் மூன்றாம் கட்டம் முதல் கட்டமாகியிருந்தது. என் விரலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

யார் வந்து என்ன ரிப்போர்ட் கேட்டாலும் அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது: இதைப் பார்த்துவிட்டு நாளைக்கு எதை மாற்றிச் செய்வீர்கள்? பதில் இல்லாதவர்களுக்கு ரிப்போர்ட்டும் கிடையாது. மேலாளர் ஒருமுறை வண்ண வண்ணமாக வட்டப்படம் வேண்டும் என்றார். வட்டம்தான் வேண்டுமென்றால் வீட்டில் தட்டு இருக்கிறதே சார் என்றாளாம். சிரித்துக்கொண்டே சொன்னதால் பிழைத்தாள். யாரும் திறக்காத ரிப்போர்ட்டுகளைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவாள். யாராவது கேட்டால் திரும்பப் போடுவாள். பெரும்பாலும் யாரும் கேட்டதில்லை.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சைக்கொடி. திரையில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தால் அவருக்கு அன்று பசி நன்றாக எடுக்கும். குறை இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. அக்கா மூன்றாவதாக ஒரு நிறம் வைத்தாள். ஒரு மருத்துவமனையிலிருந்து தகவலே வராவிட்டால் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கும். தகவல் வரவில்லை என்றால் குறையும் இல்லை என்றுதானே அர்த்தம், பச்சையாக்கிவிடேன் என்று அவர் நச்சரித்தார். “தெரியாததத் தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு சார் வெக்கம்?” என்று கேட்டாள். அந்தச் சாம்பலை மட்டும் அவள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

வேறொன்றை விட்டுக்கொடுத்தாள். எனக்காக.

எல்லா மருத்துவமனைகளின் எண்களும் இரவில் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். பெரிய மருத்துவமனை மட்டும் விதிவிலக்கு. அங்கே துணிக்குப் பொறுப்பான நர்ஸ் விடியற்காலையில் தன் கைப்பட ஒரு கோப்பு நிரப்பி மெயிலில் அனுப்புவார். அவரைத் துணி சிஸ்டர் என்போம். நல்ல மனுஷி, ஆனால் வார்டின் பெயரை ஒரு நாள் போல மறுநாள் எழுதமாட்டார். குழந்தைகள் வார்டு என்பார், பிள்ளைங்க வார்டு என்பார், ‘மேல்மாடி சின்னது’ என்பார். கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு இடங்கள். அதனால் அந்தக் கோப்பை மட்டும் அக்கா தினமும் காலையில் எழுந்ததும் வீட்டிலிருந்தபடியே கண்ணால் பார்த்து, பெயர்களை ஒழுங்காக்கி ஏற்றுவாள். அது ஏறிய பிறகு ரிப்போர்ட் தயாராகி எங்கள் எல்லாருக்கும் போகும்.

ஒருமுறை அவளுக்குக் கடும் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. கோப்பு ஏறவில்லை, ரிப்போர்ட்டும் போகவில்லை. ஓட்டுநர்கள் சாவியைச் சுழற்றிக்கொண்டு கூடத்தில் நின்றார்கள். பச்சைக்கொடி கூரைக்கும் தரைக்குமாகக் குதித்தார். அவள் குணமாகி வந்ததும் ஒரு கூட்டம் போட்டார். அக்கா, மேலாளர், நான்.

அக்கா சொன்னது இதுதான்: பழைய எண்களோடு ரிப்போர்ட் போகவே கூடாது. வராமல் இருந்தால்தான் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள். வந்துவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ரிப்போர்ட் கையில் இருக்கிறது என்பதே அவர்களுக்குப் போதும், உள்ளே இருப்பது எந்த நாளுடையது என்று பார்க்கமாட்டார்கள்.

மேலாளர் என்னைப் பார்த்தார். வண்டி அனுப்புபவள் நான், என் சொல்தான் எடுபடும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

“வண்டிய நிறுத்தி வச்சுக்கிட்டு நான் யாருக்குப் பதில் சொல்றது அக்கா? நேத்து நம்பராவது கையில இருந்தா கிளப்பி விட்டுருவேன். ஏதாவது ஒண்ணு வரட்டும்.”

அக்கா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தாள். சரி, குறித்த நேரத்தில் தானாகவே போகிற மாதிரி செய்கிறேன், புதுக் கோப்பு ஏறவில்லை என்றால் முந்தின நாளுடையதை எடுத்துக்கொள்ளும் என்றாள். ஆனால் எண்கள் எந்தத் தேதிக்கு உரியவை என்பதைப் பக்கத்தின் உச்சியில் பெரிதாகப் போட வேண்டும் என்றாள். உச்சியில் நிறுவனத்தின் சின்னம் இருந்தது. அதை நகர்த்த மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார் மேலாளர். கேட்கிற எண்ணம் அவர் முகத்தில் இல்லை. தேதி அடிவரிக்குப் போயிற்று. சின்ன எழுத்தில், இடது மூலையில்.

அன்று பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவள் கோபமாக இல்லை. யோசனையில் இருந்தாள்.

“உன் கண்ணு அங்க போகாதுடி. நான் பாத்திருக்கேன்.”

“போகும் போகும். நீ சும்மா இரு.”

போகவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ காலை ரிப்போர்ட் வந்தது. ஒவ்வொன்றிலும் அவள் சுத்தம் செய்த புது எண்கள் இருந்தன. அடிவரியில் சரியான தேதி இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை, பார்க்கத் தேவையும் இருந்ததில்லை. அது வந்து கைபேசி ஒருமுறை அதிர்ந்ததும், அக்கா எழுந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பாள், தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துக்கொண்டு ‘மேல்மாடி சின்னது’ என்பதை அழித்துத் திருத்தியிருப்பாள் என்று அந்தச் சத்தத்திலேயே தெரியும். முன்பெல்லாம் காலையில் ஒருவருக்கொருவர் போன் செய்வோம். அந்த வழக்கம் எப்போது நின்றது என்று ஞாபகமில்லை. கூப்பிட வேண்டிய தேவை போய்விட்டது, அவ்வளவுதான். ரிப்போர்ட் தானாகப் போகிறது என்பது எனக்குத் தெரியும். நானே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. ஆனாலும் அது அவள் அனுப்புவது என்றே மனம் வைத்துக்கொண்டிருந்தது.

மூடி கொடுத்த மறுநாள் காலையிலும் கைபேசி அதிர்ந்தது.

அச்செடுத்த தாளோடு கூடத்துக்குப் போனேன். விரல் முதல் கட்டத்துக்குப் போனது. பெரிய மருத்துவமனைக்கு ஆபரேஷன் தியேட்டர் கவுன்கள் நிறைய கேட்டிருந்தார்கள். நேற்றும் இப்படித்தானே என்று ஒரு நினைவு ஓடியது. தியேட்டரில் வேலை அதிகம் போல என்று நானே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன். டிராலிகள் ஏறின. ஆமை தன் வண்டியை எடுத்தார். மெதுவாக ஓட்டுவதால் அந்த ஓட்டுநருக்கு அப்படி ஒரு பெயர், அவருக்கும் அதில் வருத்தமில்லை. அக்கா இன்னும் அலுவலகம் வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். வரட்டும், டப்பாவை மறந்துவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போயிருப்பாள் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆமை இறக்கிவிட்டுத் திரும்பும் நேரத்தில்தான் துணி சிஸ்டர் கூப்பிட்டார்.

“என்னம்மா இது, நேத்து அனுப்பினதையே அப்படியே இன்னிக்கும் அனுப்பியிருக்கீங்க? தியேட்டர் இன்னிக்கு மூடியிருக்கு, மருந்தடிக்கிறாங்க. இத்தன கவுனையும் யாரு போட்டுக்குவா, நானா?”

எங்கள் ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது சிஸ்டர், எங்க அக்கா கை தப்பாது, நீங்கள் என்ன அனுப்பினீர்கள் என்று பாருங்கள் என்றேன். கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். அவர் விடியற்காலை அனுப்பிய எண்களைப் படித்துக் காட்டினார். தியேட்டருக்கு ஒன்றும் இல்லை. குழந்தைகள் வார்டுக்கு இரட்டிப்பு. நான் தாளைக் கையில் எடுத்தேன். அவர் சொல்வதற்கும் தாளுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்போதுதான் என் விரல் கீழே போனது. இடது மூலை. சின்ன எழுத்து. முந்தின நாள் தேதி.

சிஸ்டர் அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். அத்தான் ரயில் எஞ்சின் ஓட்டுபவர், அன்று வெளியூரில் இருந்தார். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். மாற்றுச் சாவி என் பையில் எப்போதும் கிடக்கும். ஆமை அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் மறுபடி ஏறினார். காலி டிராலிகள் பின்னால் இடித்துக்கொண்டே வந்தன. அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. பிறகு அவரை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது டப்பா. கழுவித் துடைத்து, மறக்கக் கூடாதென்று செருப்பு அலமாரியின் மேல் வைத்திருந்தாள். அவள் சாப்பாட்டு மேசைக்கும் நாற்காலிக்கும் இடையில் கிடந்தாள். மூச்சு இருந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. மேசையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எதற்கோ எட்டிய என் கை அதன் மேல் பட்டுத் திரை விழித்துக்கொண்டது. சிஸ்டரின் கோப்பு. மேலிருந்து பாதி வரை பெயர்கள் ஒழுங்காக இருந்தன. அதற்குக் கீழே ‘மேல்மாடி சின்னது’ அப்படியே இருந்தது.

பெரிய மருத்துவமனையில்தான் சேர்த்தோம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அந்த வாரம் முழுக்க அவள் கண் திறக்கவில்லை. அவள் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் கூடத்தின் நீலத் தையல் இருந்தது. எந்த நாள் மூட்டையில் போயிருக்கும் என்று கைகள் தாமாகவே யோசித்தன. துணி சிஸ்டர் தினமும் வந்து நிற்பார். ஒருநாள், மடிப்புக் கலையாத புது விரிப்பாகப் பார்த்து அவரே கொண்டுவந்து மாற்றினார். பிறகு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அத்தான் சீருடையோடு வந்து சேர்ந்தார். வழியில் ஏதோ ஒரு நிலையத்தில் எஞ்சினை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் நான் சொன்னதை, ரிப்போர்ட் வந்ததை, கீழ் வரியைப் பார்க்காததை. அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“உனக்காவது ஒண்ணு வந்துச்சும்மா. எனக்குத் தினமும் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணுவா. அன்னிக்கு வரல. சரி, தூங்கட்டும்னு நெனச்சேன்.”



வாரக் கடைசியில் அக்கா கண் திறக்காமலேயே போய்விட்டாள். மருத்துவரிடம் ஒருமுறை தனியாகக் கேட்டேன். காலையிலேயே, ரிப்போர்ட் வந்த உடனேயே தெரிந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தால்? அவர் நல்லவர். அப்படியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள் என்றார். பிழைத்திருப்பாளா என்றேன். சில பேர் பிழைப்பார்கள் என்றார், சில பேர் என்ன செய்தும் பிழைக்கமாட்டார்கள், எப்போது விழுந்தார் என்று நமக்குத் தெரியாதே என்றார். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் விதி முடிந்துவிட்டது, உன்னால் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்காக அந்தக் கட்டத்தைப் பச்சையாக்கிப் பார்த்தார்கள். இரவுகளில் நானே அதைச் சிவப்பாக்கிப் பார்த்தேன். இரண்டும் நிற்கவில்லை. அவள் வைத்த நிறத்திலேயே அதை விட்டிருக்கிறேன்.

அவள் போன பிறகும் காலையில் கைபேசி அதிர்ந்தது. பெரிய மருத்துவமனையின் எண்கள் அப்படியே உறைந்துபோயிருந்தன, மற்றவை மட்டும் மாறின. நான் துணி சிஸ்டரைத் தொலைபேசியில் கேட்டுக் கையால் எழுதி வண்டி அனுப்பினேன். ஒவ்வொரு நாளும் அது குறித்த நேரத்துக்குத் தவறாமல் வந்து, எதுவுமே நடக்காததுபோல் என் பையில் ஒருமுறை நடுங்கும். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. வந்தால் தாங்கவும் முடியவில்லை.

அப்புறம் அக்காவின் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். கூடத்தில் ‘புதுசு’ என்றார்கள். ஒல்லியாக, எப்போதும் தலை கலைந்து, கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். வந்த வாரமே ஏற்றும் கூடத்துக்கு வந்து நின்றாள். எதற்கு என்று கேட்டேன். பழைய ஆவணங்களில் முதல் வரியாக ‘படிப்பவளின் விரலைப் பார்’ என்று எழுதியிருக்கிறது, அதனால் என்றாள். நான் வேலை இருப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளிடம் ஒன்று கேட்டேன். எண்கள் புதிதாக இல்லையென்றால் ரிப்போர்ட் போகாமல் நிற்கும்படி செய்ய முடியுமா?

செய்வது சுலபம்தான் என்றாள். முதலில் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள் போல, நிறுத்துகிற பகுதி அழிக்கப்படாமல் உள்ளேயே இருக்கிறது, அணைத்துத்தான் வைத்திருக்கிறது என்றாள். அக்கா அதை எடுத்தெறியவில்லை. நான் எப்போதாவது மனம் மாறுவேன் என்று வைத்திருந்தாளோ என்னவோ.

மேலாளரிடம் போனோம். ஒன்றுமே இல்லாததற்குப் பழசு எவ்வளவோ மேல் இல்லையா என்றார். என் வாயிலிருந்து அன்று வந்ததையே நாசூக்காகச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

“இல்ல சார். பழசு வந்தா நாம யாரையும் கூப்பிட மாட்டோம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த எதையோ நேராக்கி வைத்தார். வண்டி நின்றால் பொறுப்பு யாருடையது என்று மட்டும் கேட்டார். என்னுடையது என்றேன். சரி, நீங்கள் சொல்கிறபடி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, உச்சியில் இருக்கிற அந்தச் சின்னத்தைக்கூட வேண்டுமானால் ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம் என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலை கைபேசி அதிரவில்லை.

கூடத்தில் டிராலிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் என்னைப் பார்த்தார்கள். அக்கா காய்ச்சலில் கிடந்த அன்று இதே இடத்தில் நின்று நான் எரிச்சல்பட்டது நினைவுக்கு வந்தது. அன்றும் நான் அவளுக்கு முதலில் போன் செய்து கேட்டது, ரிப்போர்ட் எங்கே என்றுதான். நான் வெளியே போய், கூரையடியில் நின்று, புதுசைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. 

“அக்கா, ஸாரிக்கா, ஸாரி. ராத்திரியிலேர்ந்து இங்க கரண்ட் இல்ல. லேப்டாப் செத்துப்போச்சு. பக்கத்து வீட்டு மாடில சார்ஜ் போட்டிருக்கேன், இதோ இப்ப ஏத்திடறேன். வண்டியெல்லாம் நிக்குதா? திட்டுறாங்களா?”

“நிக்கட்டும். நீ நல்லா இருக்கியா?”



“நல்லாத்தான்க்கா இருக்கேன். நனஞ்சுட்டேன், அவ்ளோதான்.”

தலையைத் துவட்டிக்கொள், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று வண்டிகள் தாமதமாகப் போயின. மருத்துவமனைகளிலிருந்து வசவு வந்தது. துணி சிஸ்டர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே திரும்பிப் போய் ஓட்டுநர்களோடு நின்றேன். முன்பு ஆமை என்று பேர் வாங்கியிருந்தவர் எனக்கு ஒரு தேநீர் நீட்டினார். ‘நல்லா இருக்கியா’ என்று அக்காவிடம் அன்றே கேட்டிருந்தால் என்ற எண்ணம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அது இனி வந்து போய்க்கொண்டுதான் இருக்கும்.

புதுசு இப்போது எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கிறாள். தேதி உச்சியில் இருக்கிறது, பெரிய எழுத்தில். துணி சிஸ்டரின் மருத்துவமனையிலும் கோப்பு நிரப்ப ஒரு பட்டியல் கொடுத்துவிட்டாள். வார்டின் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டாம், தேர்ந்தெடுத்தால் போதும். ‘மேல்மாடி சின்னது’ இனி வராது.

ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். அக்கா விழுந்த நாளுடைய கோப்பு மெயிலில் முழுதாக இருக்கிறதாம். மீதிப் பாதியையும் சரிசெய்து ஏற்றிவிட்டாளாம், மாத மொத்தம் இப்போது சரியாக வருகிறதாம். அன்று அனுப்பிய ரிப்போர்ட்டின் பிரதியையும் புது எண்களோடு மாற்றிவைக்கலாமா என்று கேட்டாள். ஆனால் ஆவணத்தில் அக்கா ஒரு விதி எழுதியிருக்கிறாள்: அனுப்பியதைத் திருத்தாதே, தவறாக இருந்தாலும் மக்கள் பார்த்தது அதைத்தான். அதனால்தான் என்னைக் கேட்கிறாளாம்.

மொத்தத்தைச் சரிசெய்தது நல்லது, பிரதியைத் தொடாதே என்றேன்.

எல்லா நாள் ரிப்போர்ட்டுகளும் வரிசையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்த நாளுக்கு உரியதைத் திறந்தால் உச்சியில் சின்னம் இருக்கும். பெரிய மருத்துவமனையின் தியேட்டருக்கு நிறைய கவுன்கள். இடது மூலையில், சின்ன எழுத்தில், முந்தின நாள் தேதி.